உங்களுக்குத் தெரியுமா? மூடி ஓரத்தில் ஒரு சின்னச் சாளரம்

● ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் பிடிக்கும். குக்கருக்குள் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறுகிறது.

● பிரஸ்டீஜ் குக்கரைப் பெங்களூரு கம்பெனியின் சரக்கு என்றே பலர் நினைக்கிறார்கள். டி.டி.கே. பிரஸ்டீஜின் பதிவு அலுவலகம் இருப்பது எல்லைக்கு இந்தப் பக்கம், ஓசூர் சிப்காட்டில். அங்கே தொழிற்சாலையும் உண்டு. டி.டி.கே. குழுமத்தை 1928-இல் தொடங்கியவர், பின்னாளில் மத்திய நிதியமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

● வடக்கே குக்கர்கள் வெடிக்கின்றன என்ற புகார் ஒரு காலத்தில் அந்த நிறுவனத்தையே ஆட்டிப் பார்த்தது. கிருஷ்ணமாச்சாரியின் பேரன், ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த டி.டி. ஜெகந்நாதன், நேரில் போய் விசாரித்தார். குற்றவாளி குக்கர் அல்ல, டூப்ளிகேட் சேஃப்டி வால்வ். தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால் உருகி வழிவிட வேண்டிய வால்வ் அது; போலி உருகவில்லை.

போலியை ஊர் ஊராகத் துரத்திப் பிடிக்க முடியுமா? அவர் மூடியையே மாற்றினார். அதன் ஓரத்தில் சின்னச் சாளரம் போல ஓர் இடைவெளி. வெயிட்டும் அடைத்து, வால்வும் ஏமாற்றினால், ரப்பர் கேஸ்கெட் அந்த இடைவெளி வழியாகப் பிதுங்கும், ஆவி வெளியேறிவிடும். இன்று வைஃபையில் இயங்கும் அடுப்புகள்கூட வந்துவிட்டன. ஆனாலும் மின்சாரமோ சிப்போ இல்லாமல், ஆபத்து நேரத்தில் தானே வேலை செய்யும் இந்த இடைவெளியைத்தான் நம் சமையலறையின் ஆகச் சிறந்த ஸ்மார்ட் கருவி என்பேன்.

● தெற்கே வெளிமூடிக் குக்கருக்கு மவுசு. வடக்கே உள்மூடிதான் அதிகம் விற்கும். ஒரே நாட்டுக்கு இரண்டு மூடி செய்தால்தான் வியாபாரம்!

● 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாததை விற்பது சட்டப்படி குற்றம்.

● இன்றைக்குச் சமையல் முடிந்ததும் உங்கள் மூடியைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த இடைவெளியில் பருப்பு காய்ந்து அடைத்திருந்தால் சுரண்டி எடுங்கள். கேஸ்கெட் விறைத்துப் போயிருந்தால் மாற்றுங்கள். வால்வ் வாங்கும்போது மட்டும் தயவுசெய்து விலை பார்க்காதீர்கள், குக்கர் கம்பெனியின் அசலையே கேட்டு வாங்குங்கள்.