சுவரில் சான்றிதழ், கோப்பில் இசைவாணை

“வாய்க்காலில் கழிவுநீர் கலக்கிறதே” என்று கேட்கப் போனவரிடம் நிறுவனம் ஐஎஸ்ஓ 14001 சான்றிதழைக் காட்டினால், அதோடு திரும்பிவிட வேண்டாம். அந்த நிறுவனத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கு ஒரு முறை இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. எவ்வளவு கழிவை எங்கே விடலாம் என்பது அதில் இருக்காது. சட்டத்துக்கு உட்பட்டு நடக்கிறோமா என்று நிறுவனமே சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தத் தரநிலை. சான்று தருபவருக்குக் கூலி கொடுப்பதும் அதே நிறுவனம்தான்.

இந்தக் கூலி என்ன செய்யும் என்பதை குஜராத்தில் அளந்தே பார்த்தார்கள். 2009 முதல் 2011 வரை எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் 473 ஆலைகளில் நடத்திய ஆய்வு அது. ஆலைகளே கூலி கொடுத்து அமர்த்திய வழக்கமான தணிக்கையாளர்களின் அறிக்கைப்படி புகைத்தூசி வரம்பை மீறியவை 7 சதவீத ஆலைகளே. தனியாக மறுபடி அளந்தபோது வந்த கணக்கு 59 சதவீதம்! பிறகு தணிக்கையாளரைக் குலுக்கலில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து சம்பளம் கொடுத்து, சில அளவீடுகளை மறுபடி சரிபார்த்தார்கள். பொய் குறைந்தது, ஆலைகள் விட்ட மாசும் குறைந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு அறிவித்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளும் குலுக்கல் ஒதுக்கீட்டை ஏற்றிருக்கின்றன.

ஆகவே நாம் கேட்க வேண்டிய காகிதம், எவ்வளவு கழிவை எங்கே விடலாம் என்று சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணை. எடுத்துக்காட்டாக, ராமநாதபுரம் மாவட்டத்தின் சாயல்குடிப் பக்கம் உப்பளம், இறால் பண்ணை, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாம் உண்டு. எதிரே மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது கழிவுநீர் போய்ச் சேரும் இடம். பொதுத் தரத்தின்படி கண்மாய், ஓடை போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விடும் நீரில் பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம். கடலோரத்தில் விட்டால் 100 வரை. கடலுக்கென்று ஆணை வாங்கிவிட்டுக் கண்மாயில் திறந்துவிட்டால் அது மீறல்தான், சான்றிதழ் எத்தனை இருந்தாலும். (இறால் பண்ணை என்றால் 2005ஆம் ஆண்டுக் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டப்படி பெற்ற பதிவையும் கேளுங்கள்.)

அடுத்து, ஆணை காலாவதியாகும் தேதி. சின்ன விஷயம் போலத் தெரியும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்ததற்குச் சொன்ன காரணங்களில், புதுப்பித்த இசைவு இல்லாமல் நெடுநாள் ஆலையை ஓட்டியதும் ஒன்று.

இதையெல்லாம் யார் காட்டுவார்கள்? இசைவு நிபந்தனைகளை வாரியம் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் அதைப் பார்க்கலாம் என்கிறது நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் நிறுவனம் படிவம் 5இல் சுற்றுச்சூழல் அறிக்கை தர வேண்டும். வரம்பிலிருந்து எத்தனை சதவீதம் மாறியது, ஏன் மாறியது என்று அதில் ஒரு கட்டமே இருக்கிறது. அதைக் காலியாக விட்டிருந்தால் அதையே கேள்வியாக்குங்கள். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டமென்றால் ஜூன் 1, டிசம்பர் 1 என இரு இணக்க அறிக்கைகள் உண்டு; அவை பொது ஆவணங்கள். கொடுக்க மறுத்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

நீங்களே பாட்டிலில் பிடித்த தண்ணீரை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு எடுக்க வேண்டியது வாரியம். தேதியோடு எடுத்த படங்களை இணைத்து, மாதிரி எடுக்கச் சொல்லி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அசையவில்லையென்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. மாசை நிறுத்தக் கோரும் மனுவுக்கோ, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான்; தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். பேச்சுவார்த்தையிலேயே அந்த ஆறு மாதத்தைக் கரையவிட்டுவிடாதீர்கள்.