நலங்குமாவும் வீட்டுச் சோப்பும் விற்பனைக்குச் செய்தல்

தோட்டக்கால் உள்ள குடும்பங்களில் நலங்குமாவும், தேங்காயெண்ணெய்ச் சோப்பும், கற்றாழைச் சோற்றினால் செய்யும் பூச்சும் வீட்டு உபயோகத்திற்காகச் செய்துகொள்வது புதியதன்று. கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், பச்சைப்பயறு, தேங்காய் முதலியன சொந்த நிலத்திலோ அயலார் நிலத்திலோ கிடைப்பவை. முதலில் உறவினர் கேட்டு வாங்கிச் செல்கின்றனர். பின்னர் சந்தையிலும் கேள்வி உண்டாகிறது. விளைபொருளை அப்படியே மண்டிக்கு அனுப்புவதைக் காட்டிலும் இவ்விதம் பக்குவப்படுத்தி விற்பதில் ஆதாயம் அதிகமென்று விவசாயிகள் பலர் எண்ணுகின்றனர். எண்ணம் தவறன்று, பணம் செலவழிக்கும் வரிசைதான் பெரும்பாலும் தவறாக அமைந்துவிடுகிறது.

ஒரு குடும்பத்தார் நகையை அடகு வைத்து அச்சுகளும், வர்ணம் அச்சிட்ட பெட்டிகளும் வாங்கி, ஐந்நூறு சோப்புக் கட்டிகள் செய்துவிட்டனர் என்று வைத்துக்கொள்வோம். நகரத்துக் கடைக்காரர் கட்டியைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பார்ப்பது உறையின் பின்புறத்தையே. அங்கே உற்பத்தி உரிமத்தின் எண் இல்லையெனில் அவர் சரக்கை ஏற்கத் துணியார். ஏற்றால் அவரும் குற்றவாளியாவார். சரக்கு வீட்டில் தங்குகிறது; எண்ணெய் காறல் வாடை வீசத் தொடங்குகிறது; வட்டி மட்டும் நாள் தவறாமல் ஏறுகிறது. அச்சும் பெட்டியும் கடைசியில் வாங்கவேண்டியவை.

இதற்குரிய சட்டம் 1940ஆம் ஆண்டில் மருந்துகளுக்காக ஏற்பட்டது. 1962இல் செய்த திருத்தத்தால் அழகுசாதனப் பொருள்களும் அதில் சேர்ந்தன. சோப்பு மட்டும் அப்போது விலக்கப்பட்டிருந்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கையும் நீக்கிவிட்டது. இன்று நடைமுறையில் உள்ளவை 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள். சுத்தம் செய்வதற்கோ, அழகுக்கோ, தோற்றத்தை மாற்றுவதற்கோ உடம்பின் மேல் தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது யாவும் அழகுசாதனப் பொருளே. மூலிகையாற் செய்தது, கையாற் செய்தது, இயற்கையானது என்னும் காரணங்களால் விலக்கு யாதொன்றும் இல்லை.

‘உற்பத்தி’ என்னும் சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருள் மிக விரிவானது. விற்பதற்கோ விநியோகிப்பதற்கோ ஒரு பண்டத்தைச் செய்தல் மட்டுமின்றி, மாற்றுதல், உறையிடுதல், பெயர்ச்சீட்டு ஒட்டுதல் ஆகியனவும் அதில் அடங்கும். ஆதலால் சோப்புக் கட்டிகளை மொத்தமாக விலைக்கு வாங்கி, உருக்கி, வாசனை சேர்த்துத் தம் பெயரில் விற்பவரும் உற்பத்தியாளரே. செய்த சரக்கை வாங்கி விற்கும் சில்லறைக் கடைக்குத் தனி உரிமம் வேண்டுவதில்லை. செய்பவருக்கே அது வேண்டும்.

உரிமத்திற்கு மனுச் செய்ய வேண்டியது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு. மனு சி.ஓ.எஸ். 5 என்னும் படிவத்திலும், கிடைக்கும் உரிமம் சி.ஓ.எஸ். 8 என்னும் படிவத்திலும் இருக்கும். ஒரு முறை பெற்ற உரிமம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை அதற்குரிய கட்டணம் செலுத்தி வரும்வரை செல்லும். இவையெல்லாம் காகித வேலை. குடும்பத்தார் பலர் தடுக்கி நிற்பது இடத்தைப் பற்றிய நிபந்தனையில்தான். உற்பத்தி செய்யும் கட்டடம் குடியிருப்பாக இருத்தல் கூடாது. குடியிருப்போடு உள்வழியாக இணைந்திருத்தலும் கூடாது. ஆகவே சமையற்கட்டு எவ்வளவு சுத்தமாயினும் அதற்கு உரிமம் கிடைக்காது. தரை வெடிப்பின்றிக் கழுவத் தக்கதாயும், சுவர் ஆறடி உயரம் வரை வழவழப்பாய் நீர் ஊறாததாயும், பயன்படுத்தும் தண்ணீர் குடிக்கத் தக்கதாயும் இருக்கவேண்டும். முகமாவு போன்ற பொடிகளுக்கு 15 சதுர மீட்டரும், பூச்சுகள், தலைக்குத் தடவும் எண்ணெய் முதலியவற்றிற்கு 25 சதுர மீட்டரும், குளியல் சோப்புக்கு 100 சதுர மீட்டரும் சிபாரிசு செய்யப்பட்டுள்ளன. 15 சதுர மீட்டர் என்பது சுமார் 160 சதுர அடி. 100 சதுர மீட்டரோ ஆயிரம் சதுர அடிக்கும் சற்று மேல். களத்து மேட்டில் காலியாகக் கிடக்கும் ஓட்டுக் கொட்டகை ஒன்றைச் சீர்செய்தால் பொடிக்குப் போதும்; சோப்புக்குப் போதாது. எனவே கையில் மூலதனம் குறைந்தவர் நலங்குமாவிலிருந்து ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம்.

மேற்பார்வைக்குத் தகுதி பெற்ற ஒருவரும் இருக்கவேண்டும். மருந்தியல் பட்டயம் பெற்றவரே வேண்டுமென்பதில்லை. இரசாயன சாஸ்திரத்தை ஒரு பாடமாகக் கொண்டு இண்டர்மீடியட் அல்லது அதற்கு இணையான பரீட்சையில் தேறியவரும் போதும். இத்தகையோர் இப்போது பல கிராமங்களில் வேலையின்றி இருக்கின்றனர்.

கட்டடம் கட்ட இயலாதவர்க்கும் ஒரு வழி உண்டு. அதனை அறிந்தவர் குறைவு. ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒரு தொழிற்சாலையாரின் இசைவுடன், அவரது இடத்திலும் சாதனங்களிலும் தம் சரக்கைச் செய்துகொள்வதற்கு ‘கடன் உரிமம்’ என்று பெயர். இதற்கு மனு சி.ஓ.எஸ். 6 படிவத்தில். சொந்தக் கொட்டகை போடுமுன், சரக்கு உண்மையில் விலைபோகுமா என்று சோதித்துப் பார்க்க இது நல்ல உபாயம். சுயஉதவிக் குழுவினர் பலர் சேர்ந்து ஒரே கொட்டகைக்கு உரிமம் பெறுவதும் யோசிக்கத் தக்கதே.

சோப்பு செய்வோர் அளவில் மிகுந்த ஜாக்கிரதை கொள்ளவேண்டும். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக மாறுவதற்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் மாறாது தங்கினால் தோலுக்கு இதமாயிருக்கும். அதற்கு 174 கிராம் சோடாவும் சுமார் 350 கிராம் நீரும் போதும். ஆமணக்கெண்ணெய்க்கோ கிலோவுக்கு 128 கிராம் அளவே தேவை. தேங்காயெண்ணெய்க்குரிய அளவை அதற்கும் போட்டால் மிஞ்சிய காரம் குழந்தைகளின் தோலைப் புண்ணாக்கும். படி, ஆழாக்குக் கணக்கு இங்கே உதவாது, நிறுத்தே போடவேண்டும். சோடாவைத்தான் நீரில் சிறிது சிறிதாக இடவேண்டும். சோடாவின்மேல் நீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே ஆகாது. காரம் அதனை அரிப்பதோடு தீப்பற்றும் வாயுவையும் கிளப்பும். வார்த்த கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைப்பது வெறும் சம்பிரதாயமன்று. நீர் வற்ற வற்றக் கொழுப்புப் பங்கு ஏறுகிறது. குளியல் சோப்புக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் தரத்திற்கு நூற்றுக்கு 76, இரண்டாவதற்கு 70, மூன்றாவதற்கு 60 பங்கு கொழுப்பு வேண்டும். அவசரப்பட்டு ஈரக் கட்டியை விற்பவர் எடையிலும் தரத்திலும் ஒருங்கே அகப்பட்டுக்கொள்வார்.

நலங்குமாவிலும் ஓர் அபாயம் உண்டு. சொந்த மஞ்சள் தீர்ந்துவிட்டால் கடையில் அரைத்த தூளை வாங்கிச் சேர்ப்பது வழக்கம். பளிச்சென்ற மஞ்சள் நிறத்திற்காக ஈயக் குரோமேட் கலந்த தூள் அங்காடியில் அகப்பட்டதுண்டு. வர்ணத்திற்காக ஈயமோ பாஷாணமோ சேர்ந்த அழகுசாதனப் பொருளைச் சட்டம் அடியோடு தடுக்கிறது; ‘எனக்குத் தெரியாது’ என்பது விற்றவருக்கு எளிதில் உதவாது. கிழங்காக வாங்கி அரைப்பதே க்ஷேமம். கற்றாழைச் சோற்றைப் பொறுத்தவரை, கெடாது காக்கும் பொருள் சேர்க்காவிடில் சில தினங்களில் கெட்டுவிடும். புதிதாக ஆரம்பிப்போர் அதனைக் கையாளாதிருப்பதே உத்தமம்.

அடுத்தது பெயர்ச்சீட்டில் எழுதும் வாசகம். ‘மேனியைச் சுத்தம் செய்யும், வாசனை தரும்’ என்று எழுதினால் பண்டம் அழகுசாதனப் பொருள். ‘படை நீங்கும், கரப்பான் குணமாகும்’ என்று எழுதினாலோ அதே பண்டம் மருந்தாகிவிடுகிறது. அப்போது சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்குரிய வேறு உரிமம் பெறவேண்டும். அதன் நிபந்தனைகளும் வேறு. வெண்குஷ்டம் தீரும் என்பது போன்ற விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டமொன்று தனியே தடைசெய்கிறது. சந்தையில் கூவுவதும், கைப்பேசியில் அனுப்பும் விளம்பரமும் அச்சிட்ட சீட்டைப் போன்றே கருதப்படத் தக்கவை. ஒரு வரி அதிகப்படியாக எழுதியதால் உழைப்பு முழுவதும் பறிமுதலாவது பரிதாபமே.

சீட்டில் பண்டத்தின் பெயர், செய்தவர் பெயரும் முழு விலாசமும், உரிம எண், தொகுதி எண், எந்த மாதம் எந்த ஆண்டு வரை உபயோகிக்கலாம் என்பது, சேர்ந்த சரக்குகள் அளவில் மிகுந்ததிலிருந்து வரிசையாக, நிகர எடை ஆகியன இருக்கவேண்டும். சோப்புக்குத் தொகுதி எண்ணுக்குப் பதிலாகச் செய்த மாதமும் ஆண்டும் போதும். எடையளவுச் சட்டப்படி, வரிகள் உட்பட்ட அதிகபட்ச விலையும், குறை சொல்வதற்கான தொடர்பு விவரமும் வேண்டும். தராசு முத்திரையிட்டதாயிருக்கட்டும். சரக்கு, சேவை வரிக்கான பதிவு தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவர்க்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் கட்டாயம். பிற மாநிலங்களுக்கு அனுப்புவோர்க்குப் பொதுவாக முன்னரே வேண்டும்.

கிராம அதிகாரிகள் ஒன்றைக் கவனித்தல் நலம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுச் சீட்டு, வரிப்பதிவு எண், ஊராட்சி அனுமதி ஆகிய யாதொன்றும் மேற்சொன்ன உற்பத்தி உரிமத்திற்கு ஈடாகாது. உணவுப் பொருளுக்குரிய பதிவு எண்ணைச் சோப்பு உறையில் அச்சிடுவோரும் உளர்; அது முற்றும் பொருந்தாதது. சான்று கேட்டு வருவோர்க்கு இதனை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி, பெட்டி அச்சிடக் கொடுக்குமுன் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கலாம். கொட்டகையின் வரைபடத்தை முதலில் அங்கே காட்டி, சுவர் எழுப்புமுன் ஆட்சேபணைகளைக் கேட்டறிந்துகொண்டால், கட்டியதை இடிக்கும் செலவு மிச்சப்படும்.

இவ்வளவும் தம் சக்திக்கு மேற்பட்டதென்று காண்போர் தொழிலைக் கைவிட வேண்டியதில்லை. நன்கு உலர்த்தித் தூசு நீக்கிய ஆவாரம்பூ, சீவி உலர்த்திய கஸ்தூரி மஞ்சள், கழுவிய வெட்டிவேர் ஆகியவற்றை, உரிமம் பெற்ற உற்பத்தியாளர்க்கு மூலப்பொருளாகவே ஒப்பந்தம் செய்து அளிக்கலாம். அவர்கள் முதலில் கேட்பது ஈரப்பதத்தையும் பூஞ்சணமின்மையையும் பற்றித்தான். மண் தரையில் காயவைத்த சரக்கை அவர்கள் தொடமாட்டார்கள்.