கொல்வதும் அதே புரதம்... காப்பதும் அதே புரதம்! - மாரடைப்புக்குப் பின் இதயத்தில் நடப்பது என்ன?

விரலில் முள் குத்தினால் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவந்து, வீங்கி, விண்விண்ணென்று தெறிக்கும். அடிபட்ட செல்கள் 'இங்கே ஆபத்து, ஆள் அனுப்புங்கள்' என்று வெள்ளை அணுக்களுக்குச் சொல்லி அனுப்புவதால் வரும் வீக்கம் அது. அந்தச் சேதியைச் சுமந்து செல்லும் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். கொரோனா காலத்தில் 'சைட்டோகைன் புயல்' என்று செய்திகளில் அடிபட்டதே, அதே ஆசாமிகள்!

மாரடைப்பு வந்தால் இதயத்துக்குள்ளும் இதே அழற்சி நடக்கிறது. ஆனால், தோல் போனால் சில வாரங்களில் புதுத்தோல் வளர்ந்துவிடும். இதயத் தசை அப்படியல்ல. 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவிகித செல்கள்தான் புதிதாகின்றன. 75 வயதில் அதிலும் பாதிக்கும் குறைவு. ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2009-ல் வெளியிட்ட கணக்கு இது. (அந்தக்கால அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன் நம் செல்களிலும் பதிந்திருக்கிறது, அதை வைத்தே செல்களின் வயதைக் கண்டுபிடித்தார்கள்!) செத்த தசை இருந்த இடத்தில் வெறும் தழும்புதான் மிஞ்சும். தழும்பு துடிக்காது.

அதனால்தான், மிச்சமிருக்கும் செல்களை சைட்டோகைன்கள் என்ன செய்கின்றன என்பது உயிர்போகும் கேள்வியாகிறது. டி.என்.எஃப் ஆல்பா என்ற புரதத்தையே எடுத்துக்கொள்வோம். அது போய் ஒட்டிக்கொள்ள, செல்லின் மேற்பரப்பில் இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. முதல் வகையில் ஒட்டினால், செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் வேலை தொடங்கலாம். இரண்டாம் வகை பெரும்பாலும் 'தாக்குப்பிடி' என்று தைரியம் சொல்லும். கொஞ்ச அளவில், கொஞ்ச நேரம் சுரந்தால் காவல். அளவு மீறி மாதக்கணக்கில் நீடித்தால் தசை தளர்ந்து, செல்கள் சாகின்றன.

கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் ரத்தத்தில் இந்தப் புரதம் அதிகம் இருப்பது 1990-ல் தெரியவந்தது. 'அப்படியென்றால் அதை அடக்கிவிடலாமே' என்று மூட்டுவாத மருந்துகளை இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டனர்செப்ட் பலன் தராததால், அந்த ஆய்வுகள் 2001-ல் பாதியிலேயே நின்றன. இன்ஃப்ளிக்சிமாப் விஷயம் இன்னும் மோசம். அதிக டோஸ் பெற்றவர்களின் நிலைமை, மருந்தே பெறாதவர்களைவிடக் கெட்டது. இரண்டு ஏற்பிகளும் இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகளுக்கு மாரடைப்பு வரவழைத்தபோதும் சேதம் கூடத்தான் செய்தது. காவல்காரரையும் சேர்த்து வெளியேற்றிவிட்டால் வேறென்ன ஆகும்?

அதன்பிறகு ஆராய்ச்சி நிதானமானது. இன்டர்லூகின்-1 பீட்டா என்ற ஒரே ஒரு புரதத்தைக் குறிவைத்த கனகினுமாப் ஊசியை, ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டோரிடம் பரிசோதித்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை 15 சதவிகிதம் குறைந்தன. ஆனால், தொற்றுநோய் மரணங்கள் சற்றே கூடின.

இப்போது பேச்செல்லாம் கால்சிசின் பற்றித்தான். கவுட் மூட்டுவலிக்குத் தரப்படும் பழைய, மலிவான மாத்திரை. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் இருக்கிறது. திண்டுக்கல், கரூர் பக்கம் 'கண்வலிக்கிழங்கு' என்று விவசாயிகள் பயிரிடுவது இதற்காகத்தான். ரத்தக்குழாய் அழற்சியைத் தணித்து, அடுத்த மாரடைப்பைத் தடுக்க உதவும் என 2019, 2020 ஆய்வுகள் சொல்ல, 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால், 2024-ல் 7,000-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. மருத்துவர்களிடையே விவாதம் தொடர்கிறது.

'நம்ம ஊர்க் கிழங்குதானே' என்று யாரும் கைவைத்துவிட வேண்டாம். அது கொடிய விஷம், உயிரையே பறிக்கும். இன்னொன்று, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இப்யூப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் வீக்கத்தைக் குறைப்பவைதான். ஆனால், அவை மாரடைப்பு ஆபத்தைக் கூட்டக்கூடியவை. இதய நோய் உள்ளவர்கள் முதுகுவலிக்கென்றாலும், டாக்டரைக் கேட்காமல் அவற்றைப் போடக் கூடாது.