‘அமைதி நகரம்’ முதல் ‘பெரிய ஆப்பிள்’ வரை: ஊர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தது யார்?

மதுரை என்றால் தூங்கா நகரம், திண்டுக்கல் என்றால் பூட்டு நகரம். இப்படி ஊர்களின் பட்டப்பெயர்களை நாம் தினமும் சொல்கிறோம். அவற்றை யார் வைத்தார்கள் என்று கேட்பது குறைவு. கேட்டாலும் வாட்ஸ்அப்பில் வந்த ஏதாவது ஒரு கதைதான் பதிலாகக் கிடைக்கிறது. ஆனால் கொஞ்சம் தேடிப்போனால், ஒரு பட்டப்பெயருக்குப் பின்னால் ஆண்டவர்களின் ஆசை, உழைத்தவர்களின் கனவு, விற்பவர்களின் கணக்கு எல்லாம் இருப்பது தெரியவரும்.

அப்பாஸிய கலீஃபா அல் மன்சூர் ஹிஜ்ரி 145-இல் (கி.பி. 762) தஜ்லா எனும் டைகிரிஸ் நதிக்கரையில் வட்ட வடிவில் ஒரு தலைநகரைக் கட்டத் தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் ‘மதீனத்துஸ் ஸலாம்’, அதாவது அமைதியின் நகரம். சுவனத்தைக் குறிக்கத் திருக்குர்ஆனில் ‘தாருஸ் ஸலாம்’ என்ற சொல் வருவதை (6:127, 10:25) நாம் அறிவோம். உமையாக்களை ரத்தம் சிந்தி வீழ்த்தி ஆட்சிக்கு வந்து 12 ஆண்டுகளே ஆகியிருந்த ஓர் அரசு, மக்களுக்குச் சொல்ல விரும்பிய செய்தி அந்தப் பெயரில் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. அங்கு அச்சான திர்ஹம் நாணயங்களிலும் அந்தப் பெயரே பொறிக்கப்பட்டது. ஆனால் மக்கள் வாயில் நின்றது அந்த இடத்தின் பழைய பெயரான பாக்தாத்தான். ஐம்பது ஆண்டுகள் கழிந்ததும், ஹாரூன் ரஷீதின் மகன்கள் அமீனும் மஃமூனும் ஆட்சிக்காக மோதியதில் ‘அமைதி நகரம்’ 812-813-இல் ஓராண்டுக்கும் மேலாக முற்றுகையில் கிடந்தது.

அது அரண்மனையில் பிறந்த பெயர். குதிரை லாயத்தில் பிறந்த பெயர் ஒன்றும் உண்டு.

நியூயார்க்கை ‘பிக் ஆப்பிள்’, அதாவது பெரிய ஆப்பிள் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு கதைகள் வரும். ஒன்று, 1929 பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தவர்கள் அந்நகரத் தெருக்களில் ஆப்பிள் விற்றதால் வந்த பெயர் என்பது. இன்னொன்று, அங்கே தகாத விடுதி நடத்திய ஈவ் என்ற பெண்ணைப் பற்றியது. இது 1990-களில் இணையத்தில் பரவிய கட்டுக்கதை. முதல் கதையில் ஆப்பிள் விற்றது உண்மைதான், பெயர் வந்த காரணம்தான் தவறு. ஏனென்றால் அந்த வீழ்ச்சிக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1921-இல், இந்தப் பெயர் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. ஒரு ஹதீஸ் வந்தால் அறிவிப்பாளர் தொடரைப் பார்க்கும் சமூகம் நாம். ஒரு சொல்லின் கதை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தேதியை.

அந்தத் தேதியைக் கண்டுபிடிக்கப் பழைய பத்திரிகைகளைப் புரட்டியவர்கள் ஜெரால்டு கோஹன் என்ற பேராசிரியரும் பாரி பாப்பிக் என்ற ஆய்வாளரும். பாப்பிக்கின் வேலை அப்போது நியூயார்க்கில் வாகன நிறுத்த அபராத வழக்குகளை விசாரிப்பதாக இருந்தது. சொல் ஆராய்ச்சி அவருடைய சொந்த ஆர்வம். அவர்கள் கண்டெடுத்தவை ‘மார்னிங் டெலிகிராஃப்’ நாளிதழில் குதிரைப் பந்தயச் செய்திகள் எழுதிவந்த ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டின் பத்திகள். பந்தயச் சூது நமக்கு ஹராம் என்பது வேறு விஷயம். இந்தச் சொல்லின் பிறப்பிடம் அந்த உலகம்தான்.

1924-இல் ஃபிட்ஸ்ஜெரால்டே மறைக்காமல் எழுதினார்: இந்தச் சொல் தன்னுடையது அல்ல, நியூ ஆர்லியன்ஸ் நகரில் குதிரைகளைப் பராமரிக்கும் இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் பேசிக்கொண்டபோது காதில் விழுந்தது. இங்கிருந்து அடுத்து எங்கே என்று ஒருவர் கேட்க, பெரிய ஆப்பிளுக்கு என்றார் மற்றவர். சிறிய ஊர்ப் பந்தயங்களில் கிடைப்பது சொற்பம். நியூயார்க் பந்தயத் திடல்களில்தான் பெரிய பரிசுப் பணம். அங்கே போய்ச் சேருவதே அந்தத் தொழிலில் இருந்தவர்களின் கனவு. பின்னர் ஜாஸ் இசைக் கலைஞர்களும் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

1997-இல், ஃபிட்ஸ்ஜெரால்டு வாழ்ந்த தெருமுனைக்கு ‘பிக் ஆப்பிள் கார்னர்’ என்று மாநகராட்சி பெயர் சூட்டியது. சொல்லைத் தந்த இரண்டு தொழிலாளர்களின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை.

இடையில் இந்தப் பெயர் வழக்கிழந்து போயிருந்தது. 1971-இல் நகரின் சுற்றுலா அமைப்பின் தலைவர் சார்லஸ் ஜில்லெட் அதைத் தூசி தட்டி எடுத்து விளம்பரமாக்கினார். அப்போது நகரம் குற்றங்களால் பெயர் கெட்டிருந்தது. 1975-இல் மாநகராட்சி திவாலின் விளிம்புக்கே போனது. ஆட்குறைப்பை எதிர்த்த காவலர் சங்கங்கள் ‘அச்ச நகரத்துக்கு வரவேற்கிறோம்’ என்று அட்டையில் மண்டையோடு போட்ட கையேட்டை அச்சடித்தன. மாலை 6 மணிக்கு மேல் வெளியே நடக்காதீர்கள் என்பது அதில் இருந்த அறிவுரைகளில் ஒன்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க் மாநில அரசு ‘ஐ லவ் நியூயார்க்’ பிரசாரத்தைத் தொடங்கியது. ‘லவ்’ இருக்கும் இடத்தில் சிவப்பு இதயம் போட்ட சின்னத்தை மில்டன் கிளேசர் டாக்ஸியில் போகும்போது ஓர் உறையின் மேல் கிறுக்கினார். அதற்கு அவர் கூலி வாங்கவில்லை. இன்று உலகமெங்கும் டீ-ஷர்ட்டுகளில் ஓடுவது அந்தக் கிறுக்கல்தான்.

விளம்பர வாசகம் அளவுக்கு மீறிப் பலித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் சாட்சி. 2004-இல் அந்நகரம் ‘ஐ ஆம்ஸ்டர்டாம்’ என்ற வாசகத்தை அறிமுகம் செய்தது. புகழ்பெற்ற அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இரண்டு மீட்டர் உயரத்தில் அந்த எழுத்துகளை வைத்தார்கள். அவற்றின் மேல் ஏறிப் படம் எடுக்கக் கூட்டம் குவிந்தது. ஊரில் குடியிருப்பவர்கள் நடக்க முடியாத அளவுக்குச் சுற்றுலாப் பயணிகள் பெருகியதும், மாநகராட்சி மன்றம் 2018 டிசம்பரில் எழுத்துகளை அங்கிருந்து அகற்றச் செய்தது. 2023-இல் அதே மாநகராட்சி இன்னொரு விளம்பரம் வெளியிட்டது. குடித்துக் கூத்தடிப்பதற்காக வரும் பிரிட்டிஷ் இளைஞர்களை நோக்கிய அதன் வாசகம்: ‘இங்கே வராதீர்கள்.’