கோலத்துக்கு இலக்கணம் எழுதியவர்

"மனசுக்குப் பிடிச்சதைச் செய்" என்று சொல்வது சுலபம். சம்பளம், பதவி உயர்வு, கட்டுரை எண்ணிக்கை எல்லாம் ஒரு பக்கம் இழுக்கும்போது அதை எப்படிச் செய்வது? தாம்பரத்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது: கிஃப்ட் சிரோன்மணி (1932–1988).

சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதமும் புள்ளியியலும் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் அவருடைய ஆய்வுப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகலன்கள், தமிழி எழுத்து, சிந்துவெளிக் குறியீடுகள், பறவைகள், அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் முறை (1978)... "இவர் எந்த டிபார்ட்மென்ட்?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

1974-ல் மனைவி ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரோடு சேர்ந்து கோலத்தைப் பற்றி எழுதினார். விஷயம் இதுதான். சாம்ஸ்கி 1950-களில் மொழியை விதிகளாக எழுதிக் காட்டினார்: ஒரு தொடக்கக் குறி, அதை மாற்றி எழுதச் சில விதிகள், அவ்வளவுதான். ஆனால் வாக்கியம் ஒரே வரிசையில் போகிறது. கோலமோ நீளத்திலும் அகலத்திலும் விரிகிறது. அதனால் விதிகளைக் கட்டங்களுக்குப் பொருந்தும்படி அமைத்தார்கள். சில விதிகள் போதும், சின்னக் கோலமும் அதே குடும்பத்துப் பெரிய கோலமும் வந்துவிடும்.

இதில் நான் கவனிக்கிறது ரெண்டு விஷயம். கேள்வி நம்ம வீட்டு வாசலில் இருந்து வந்தது. பதிலை மட்டும் அவர்கள் தங்கள் துறையின் கறாரான முறைப்படி எழுதி, கணினி வரைகலை இதழில் வெளியிட்டார்கள். "நம்ம பண்பாடு, அதனால உசத்தி" என்று சலுகை கேட்கவில்லை. அதனால்தான் 2002-ல் மார்சியா ஆஷர் கோலத்தைப் பற்றி அமெரிக்க வாசகர்களுக்கு எழுதியபோதும் இந்த ஆய்வுகளைப் பேச வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அவருக்கு நிலையான வேலை இருந்தது, கூடவே யோசிக்க ஆட்களும் இருந்தார்கள். 2010-ல் யுஜிசி புள்ளிக்கணக்கைக் கொண்டுவந்த பிறகு வேலைக்கு வந்தவர்களுக்கு அந்த நிதானம் வாய்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர் சொன்னார்: "சார், எங்க ஊர் ஏரியைப் பத்திப் பண்ணணும்னு வந்தேன். கைடு வேற தலைப்பு குடுத்துட்டார்." தலைப்பைத் தூக்கிப் போடுங்க என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஃபெலோஷிப்பில் வாழ்கிறவர் அவர்.

நான் சொன்னது இவ்வளவுதான்: கொடுத்த தலைப்பை முடிங்க, ஆனா அதில் கத்துக்கிற புள்ளியியலை ஏரிக்கும் கொண்டு போங்க. மாசம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே கரையில் நின்று பறவைகளை எண்ணித் தேதியோடு குறிச்சு வைங்க. மூணு வருஷம் கழிச்சு அந்த நோட்டு ஒரு ஆய்வுக் கேள்வியைத் தாங்குமா என்று அப்போது பார்க்கலாம்.