வேர் உறுதியாயின் பல் பிழைக்கும்

நோவு தீர்ந்ததும் வைத்தியரை மறந்துவிடுவது நம்மில் பலருக்கும் உள்ள வழக்கம். பல் விஷயத்தில் இவ்வழக்கம் பேரிழப்பைத் தருகிறது. சொத்தை முற்றிய கடைவாய்ப் பல்லுக்கு 'ரூட் கெனால்' எனப்படும் வேர்ச் சிகிச்சை செய்துகொள்கிறோம். வலி நின்றுவிடுகிறது. பல்லுக்கு உறை போட வருமாறு மருத்துவர் சொல்லியும், அறுவடை முடியட்டும், பிள்ளைக்குக் கட்டணம் கட்டியாகட்டும் என்று நாளைக் கடத்துகிறோம். ஒரு நாள் முறுக்கைக் கடிக்கையில் பல் பாதியாக உடைந்துவிடுகிறது.

வேர்ச் சிகிச்சையே பல்லைக் கெடுத்தது என்று நாம் குறைகூறுவதுண்டு. உண்மை அதுவன்று. சொத்தை அரித்தது போக, அதைச் சுரண்டி எடுத்ததாலும் வேருக்கு வழி திறந்ததாலும் பல்லின் சுவர்கள் மெலிந்துவிடுகின்றன. உறையில்லாத அச்சுவர்கள் மெல்லும் அழுத்தத்தைத் தாங்குவதில்லை.

உடைந்த பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா? வேண்டுவதில்லை, வேர் உறுதியாக இருந்தால் அதனுள் ஒரு முளையை இறக்கி, அதன்மேல் பல்லை மீண்டும் எழுப்பலாம். பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே வேரில் முளை பொருத்தும் முறை கூறப்பட்டுள்ளது. நெடுங்காலம் அம்முளைகள் உலோகத்தால் ஆனவை. 1990-களுக்குப்பின் இழைகளாலான 'ஃபைபர் போஸ்ட்' பரவலாயிற்று.

காய்ந்த கட்டையில் இரும்பு ஆப்பை அடித்தால் கட்டைதான் பிளக்கும். எஃகின் விறைப்பு பல்லின் விறைப்பைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. கண்ணாடி இழை முளையோ பல்லோடு ஓரளவு இசைந்து வளையும். அளவுக்கு மீறிய அழுத்தம் வந்தால், பெரும்பாலும் முளை கழன்றுவிடும் அல்லது ஒடியும். வேர் பிளப்பது அரிது. கழன்றதை மீண்டும் ஒட்டலாம். பிளந்த வேரைப் பெரும்பாலும் எடுத்துவிடத்தான் வேண்டும்.

வேரின் அடியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை அடைப்பை விட்டுவைத்து, மேற்பகுதியை மட்டும் நீக்கி, பிசின் சிமெண்டால் முளையை ஒட்டுகிறார்கள். அதன்மேல் பல்லின் உருவைக் கட்டி, உறையிடுகிறார்கள்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. முளை வேருக்கு வலுவூட்டுவதில்லை. மேலே கட்டியதைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே. ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அளவாவது நல்ல பல் எஞ்சியிருந்து, உறை அதைத் தழுவி நின்றால்தான் பல் நீடிக்கும். சுவர்கள் போதிய அளவு இருந்தால் முளையே தேவையில்லை.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து புதுக்கோட்டைக்குச் சென்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை நாம் அறிவோம். எனவே, எத்தனை முறை வரவேண்டும், உறைக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்பவற்றை முதல் நாளே கேட்டறிவது நலம். புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் திறக்கப்பட்டுள்ளன, அங்கும் விசாரிக்கலாம்.

வீட்டில் எவருக்கேனும் வேர்ச் சிகிச்சை முடிந்து உறை போடாமல் இருக்கிறதா? இன்றே கேட்டறிந்து, பல் உடையுமுன் அவரை அனுப்பிவைப்போம்.