பாசிப்பயறிலிருந்து பாலுக்கு

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஆக்சிஜன் துணையோடு கடைசிவரை எரித்தால் ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 30 ஏடிபி மூலக்கூறுகள் தேறும். செல் தன் வேலைகளுக்கெல்லாம் செலவழிப்பது இந்த ஏடிபியைத்தான். பாலைத் தயிராக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவோ அதே குளுக்கோஸிலிருந்து இரண்டே இரண்டு எடுத்துக்கொள்கிறது. மிச்ச ஆற்றலை லாக்டிக் அமிலத்தோடு சேர்த்து வெளியே கொட்டிவிடுகிறது. மோரில் நாம் ரசிக்கும் புளிப்பு அது கொட்டியதுதான்.

இவ்வளவு ஊதாரியான ஓர் உயிர் எப்போதோ அழிந்திருக்க வேண்டும். ஆனால் பால், இட்லி மாவு, மாட்டுக்குப் போடும் ஊறுகாய்ப் புல், நம் குடல் என்று சர்க்கரை கிடைக்கும் இடத்திலெல்லாம் அது செழித்துக் கிடக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்கும் இதன்மேல் பழைய பற்று உண்டு. 1780இல் வேதியியலாளர் ஷீலே புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1857இல் பாஸ்டர், இந்தப் புளிப்பு ஓர் உயிர் செய்யும் வேலை என்று காட்டினார். 1870களில் ஜோசஃப் லிஸ்டர் (அறுவை சிகிச்சையில் கிருமிநீக்கத்தைக் கொண்டுவந்த அதே லிஸ்டர்தான்) புளித்த பாலை நீர்த்து, மேலும் நீர்த்து, ஒரு துளியில் ஒரு பாக்டீரியா மட்டும் எஞ்சும் அளவுக்குக் கொண்டுபோய் அதைத் தனியாக வளர்த்தார். அதற்கு இன்றைய பெயர் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ். கட்டுரையின் மிச்சக் கதை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

முதலில் அதன் வயிற்றுப்பாட்டைப் பார்த்துவிடலாம். ஒரு குளுக்கோஸ் இரண்டாக உடைந்து இரண்டு பைருவேட் ஆகும்போது அந்த இரண்டு ஏடிபியும் கிடைத்துவிடுகின்றன. கூடவே சில எலக்ட்ரான்களும் உதிர்கின்றன. அவற்றைத் தாங்கிக்கொள்ளும் என்ஏடி என்ற மூலக்கூறு செல்லில் அளவாகத்தான் இருக்கிறது. அது நிரம்பிவிட்டால் அடுத்த குளுக்கோஸை உடைக்க முடியாது. நாம் அந்த எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் சேர்ப்பதற்காக மூச்சு விடுகிறோம். பாக்டீரியா அவற்றைக் கையில் இருக்கும் பைருவேட்டின் மேலேயே ஏற்றி வெளியே தள்ளுகிறது. எலக்ட்ரான் ஏறிய பைருவேட்தான் லாக்டிக் அமிலம். ஒற்றை நொதி, ஒற்றைப் படி, வேலை முடிந்தது.

யோகர்ட்டில் சேர்க்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் இன்னும் தாராளம். பால் சர்க்கரையான லாக்டோஸில் பாதி குளுக்கோஸ், பாதி காலக்டோஸ். குளுக்கோஸை வைத்துக்கொண்டு, காலக்டோஸைத் தொடாமலே பெரும்பாலும் திருப்பி வெளியே அனுப்பிவிடும்.

கொட்டிய அமிலம் வீண்போவதில்லை. பாலின் அமிலத்தன்மை அளவான பிஎச் 6.6இலிருந்து 4.6 பக்கம் இறங்கும்போது கேசின் புரதம் திரண்டு தயிர் தோய்கிறது. அந்தப் புளிப்பில் மற்ற பாக்டீரியாக்களில் பல நடுங்கிப்போகும். இது தாங்கும். போட்டியாளர் வாயில் படுமுன் சர்க்கரையைத் தின்று தீர்ப்பது, பந்தியில் இடமே இல்லாதபடி புளிக்கவைப்பது என்று ஒரே செயலில் இரண்டு லாபம்.

எல்லா லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஒரே பாதையில் போவதில்லை. லியூகோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் வேறொரு வழியில் குளுக்கோஸை உடைக்கிறது. அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு ஏடிபி. லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடும் வெளிவருகிறது. அமெரிக்காவில் ஸ்டெயின்கிராஸ் உள்ளிட்ட குழுவினர் 1965இல் வெளியிட்ட ஆய்வில், இட்லி மாவு பொங்குவதற்கு முக்கியக் காரணம் இந்த பாக்டீரியா என்று கண்டார்கள். அரிசியிலும் உளுந்திலும் அது முன்பே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பாலுக்கு உறை ஊற்றுவதுபோல மாவுக்கு எதுவும் ஊற்ற வேண்டியதில்லை. கிளம்பும் வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஊதாரித்தனத்துக்கு வருவோம். நிலத்தடி நீரை இரு பக்கமும் போர்வெல் போட்டு இறைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் இருப்பவர் மட்டும் மோட்டாரை நிறுத்தி எதை மிச்சம் பிடிப்பது? பால் பாத்திரத்தில் ஒரு பாக்டீரியாவின் நிலையும் அதுவே. அது சிக்கனமாக விட்டுவைக்கும் சர்க்கரை பக்கத்தில் இருப்பதன் வயிற்றுக்குப் போகும். அதனால் வேகமாகத் தின்பதே வெல்லும். ஊகமாகச் சொல்ல எளிது, நிரூபிப்பது எப்படி?

ஹெர்விக் பாக்மன் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் நெதர்லாந்தில் செய்து 2013இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பாக்டீரியா இருக்கும் கரைசலை எண்ணெயில் கலந்து அடித்தார்கள். எண்ணெய்க்குள் நுண்ணிய நீர்த்துளிகள் பிரிந்து மிதந்தன. ஒரு துளிக்கு ஒரு செல், அதற்கென்று கொஞ்சம் சர்க்கரை. பங்குக்கு ஆள் இல்லை. சர்க்கரை தீர்ந்ததும் துளிகளை உடைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மறுபடி துளிகளாகப் பிரித்தார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்தபோது, மெதுவாக வளர்ந்தாலும் அதே சர்க்கரையில் அதிகக் குஞ்சுகளைப் பெருக்கும் வகை மேலே வந்தது. அதில் சர்க்கரையை உள்ளே இழுக்கும் அமைப்பில் மாற்றம் நேர்ந்திருந்தது. வெறும் லாக்டிக் அமிலம் என்ற பழைய பாதையை விட்டு, ஒவ்வொரு சர்க்கரையிலும் கூடுதல் ஆற்றலைக் கறக்கும் கலப்புப் பாதைக்கு அது மாறியிருந்தது. சிக்கனமாக இருக்க இந்த உயிருக்குத் தெரியாமல் இல்லை. கூட்டத்தில் சிக்கனம் கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

இனி பரிணாமம். 2006இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு பல லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இவற்றின் பொது மூதாதை, தனக்கு முந்தைய மூதாதையிடமிருந்து பிரிந்து வந்தபோது 600 முதல் 1200 மரபணுக்கள் வரை இழந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. அமினோ அமிலமும் வைட்டமினும் தயாராகக் கிடைக்கும் இடத்தில் குடியேறியவனுக்குச் சமையலறை எதற்கு? இழப்பு இன்னும் ஓய்ந்தபாடில்லை. தெர்மோஃபிலஸின் மரபணுக்களில் சுமார் பத்தில் ஒன்று செயலிழந்து கிடக்கிறது. நிமோனியா உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் உறவுக்காரன் அது. நோய் உண்டாக்கும் ஆயுதங்களைத் தொலைத்ததால்தான் நம் கிண்ணத்துக்கு வந்து சேர்ந்தது.

லாக்டோகாக்கஸ் லாக்டிஸின் பூர்வீகம் செடிகொடிகள் என்று பலர் கருதுகிறார்கள். மனிதன் மாடு வளர்த்துப் பால் கறந்த பிறகே அது பாலுக்குக் குடிபெயர்ந்திருக்கும். இந்தக் குடிபெயர்வை ஆய்வகத்திலேயே நடத்திப் பார்த்தது பாக்மன் குழுவின் 2012ஆம் ஆண்டு ஆய்வு. முளைகட்டிய பாசிப்பயறிலிருந்து எடுத்த கேஎஃப்147 என்ற வகையைப் பாலில் விட்டார்கள். பால் புளித்ததும் அதில் கொஞ்சம் எடுத்துப் புதுப் பாலில் ஊற்றினார்கள். நம் வீடுகளில் நேற்றைய தயிரை இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதும் இதே சோதனைதான், கணக்கு எழுதி வைப்பவர்தான் இல்லை. ஆயிரம் தலைமுறை இப்படிப் போனது, மூன்று தனித்தனி வம்சங்களாக.

மூன்றில் இரண்டு வம்சங்கள் பாலை முன்னைவிட வேகமாகப் புளிக்கவைத்தன. சுமார் 26 லட்சம் எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுதியில் மாறியிருந்தவை ஒன்றில் ஆறு, ஒன்றில் ஏழு, இன்னொன்றில் 28 இடங்கள் மட்டுமே. அமினோ அமிலங்களைத் தயாரிப்பதிலும் உள்ளே எடுத்துக்கொள்வதிலும் மாற்றங்கள் தெரிந்தன. செடியில் மட்டும் பயன்படும் மரபணுக்கள் அடங்கிய ஒரு துண்டை இரண்டு வம்சங்கள் முழுசாகவே உதறிவிட்டிருந்தன. பால்பண்ணை வகைகளில் காணும் அடையாளங்கள் பல இங்கும் தலைகாட்டின.

ஒன்று மட்டும் ஆய்வாளர்கள் கைக்கு அடங்கவில்லை. பால் புரதத்தை வெட்டும் நொதிக்கான மரபணுவை, பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏற்றி உள்ளே வைத்தார்கள். வளர்ச்சி அமோகமாக இருந்தது. ஆனாலும் அந்த வளையம் சீக்கிரமே காணாமல் போனது. அந்த நொதி செல்லின் வெளிச்சுவரில் நின்று வேலை செய்கிறது. வெட்டிய துண்டுகளில் பெரும்பகுதி அக்கம்பக்கத்துக்கு மிதந்து போய்விடும். நொதி செய்யும் செலவில்லாமல் சும்மா இருந்து தின்பவனுக்குத்தான் அங்கே கொண்டாட்டம்.

இழக்காமல் வைத்திருக்கும் சிலவும் விநோதமானவை. மூச்சு விடாத இந்த லாக்டோகாக்கஸிடம் மூச்சு விடுவதற்கான நொதி ஒன்று இருக்கிறது. அதை முடுக்கத் தேவையான ஹீம் எனும் இரும்பு அடங்கிய மூலக்கூறைச் செய்யும் வழிதான் தொலைந்துபோனது. ஹீமை வெளியிலிருந்து கொடுத்துக் காற்றும் விட்டால் அது நிஜமாகவே ஆக்சிஜனைச் சுவாசிக்கத் தொடங்குகிறது என்று பிரான்ஸில் அலெக்ஸாண்ட்ரா க்ரஸ் குழுவினர் கண்டார்கள். அமிலம் குறைகிறது, செல்களின் எண்ணிக்கை கூடுகிறது, குளிரில் வைத்தாலும் நெடுநாள் உயிரோடு இருக்கிறது. பாலாடைக்கட்டித் தொழிலுக்கு உறை பாக்டீரியா தயாரிக்கும் நிறுவனங்களுக்கு வேண்டியதும் இதே மூன்றுதான். பண்ணைக்குப் போய்ப் பாலில் விழும்வரை அதை மூச்சு விட வைத்தே வளர்க்கும் முறை தொழிலிலும் நுழைந்துவிட்டது. பாலில் ஹீம் கிடைக்காது, அங்கே போனதும் அது பழையபடி அமிலத்தைக் கொட்டத் தொடங்கிவிடும்.